பாடம் கேட்பதும் ஓர் அமலே!



வல்ல நாயன் அல்லாஹு தஆலா தன் ஹபீபாகிய நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களுக்கு இறக்கியருளிய முதல் வஹீ, ஓதும்படி இட்ட கட்டளையே என்பதை நம் வீட்டுச் சிறுபிள்ளையும் அறியும். மீலாது மேடைதோறும் அதைச் சொல்லிக் கேட்கிறோம், மனம் பூரிக்கிறோம். ஆனால் ஹிராக் குகையில் அந்தப் பாடம் நடந்த விதத்தை நம்மில் எத்தனை பேர் நின்று நினைத்துப் பார்த்திருக்கிறோம்?

கற்பிக்க வந்தவர் ஒருவர். கேட்க இருந்தவர் ஒருவர். இடையில் மூன்றாமவர் இல்லை. ஓதும்படி ஜிப்ரீல் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் சொன்னபோது, தாம் ஓதத் தெரிந்தவரல்லர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் மறுமொழி பகர்ந்தார்கள். அதற்குக் கிடைத்தது கடிந்துரையா? இல்லை. வானவர் தலைவர் அவர்களை இறுக அணைத்து விடுவித்து, மறுபடியும் சொன்னார்கள். இப்படி மூன்று முறை. பிறகுதான் திருவசனங்கள் வந்தன. நாயகம் அவர்கள் உம்மியாய் இருந்தது ஒரு முஃஜிஸா; அதை நம் பிள்ளைகளின் நிலையோடு ஒப்பிடுவது அதபு அன்று. அந்தப் பாடம் அமைந்த விதத்தை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

அதன் பின்னரும் ஒவ்வொரு ரமளானிலும் ஜிப்ரீல் (அலை) அவர்கள் வந்து நாயகத்தோடு அமர்ந்து குர்ஆனை ஓதிப் பார்ப்பார்கள் என்றும், வஃபாத்தான ஆண்டில் இருமுறை அவ்வாறு நடந்தது என்றும் புகாரியில் காண்கிறோம். உபை இப்னு கஃபு (ரலி) அவர்களுக்கு ஓதிக் காட்டும்படி தமக்கு இறைக் கட்டளை வந்திருப்பதாக நாயகம் அவர்கள் அறிவித்தபோது, தம் பெயர் சொல்லியா அல்லாஹ் கூறினான் என்று கேட்டு அந்த சஹாபி அழுதேவிட்டார்கள். இப்னு மஸ்ஊது (ரலி) அவர்களை ஓதச் சொல்லி, அதைக் காது கொடுத்துக் கேட்டு, நாயகம் அவர்கள் கண்ணீர் வடித்தார்கள். ஒருவர் ஓத ஒருவர் கேட்பது இந்தத் தீனின் தொடக்கத்திலேயே இருக்கிறது.

நம் ஊர்களின் ஓதுகிற பள்ளியும் இந்த வழியில் வந்ததுதான். பிள்ளைகள் வரிசையாய் உட்கார்ந்து சத்தமிட்டு ஓதிக்கொண்டிருப்பார்கள். ஆனால் பாடம் கொடுப்பது என்றால் அது தனித்தனி. ஒவ்வொரு பிள்ளையும் ரிஹாலைத் தூக்கிக்கொண்டு உஸ்தாது முன்னால் போய் அமரவேண்டும். நேற்றைய பாடத்தை ஓதிக் காட்டவேண்டும். தட்டினால் புதுப் பாடம் இல்லை, அதையே மறுபடி பார்த்துவரவேண்டும். ஒரே வயதுடைய இருவரில் ஒருவன் அம்ம ஜுஸ்வில் இருப்பான், மற்றவன் இன்னும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பான். அதில் வெட்கம் என்ன? எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்பது உஸ்தாதுக்குத் தெரியும், பிள்ளைக்கும் தெரியும்.

இனிப் பகலில் அதே பிள்ளை போகும் பள்ளிக்கூடத்தைப் பாருங்கள். ஆசிரியரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு திணறும் தொடக்கப் பள்ளிகள் நம் வட்டாரத்தில் இல்லாமலில்லை. அவர் ஒரு வரி சொல்ல, வகுப்பு முழுவதும் ஒரே குரலில் திருப்பிச் சொல்லும். அந்தக் குரலுக்குள் வாசிக்கத் தெரியாத பிள்ளை ஒளிந்துகொள்ளும். உதடு அசையும், கண் எழுத்தின் மேல் இராது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பதால் வகுப்பு ஏறிக்கொண்டே போகும். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் அதன் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். மடமடவென்று சொல்லிற்று. அடுத்த பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். முதற்பக்கத்துப் பாடத்தையே மறுபடியும் சொல்லிற்று! மனப்பாடம். தாய் பக்கத்தில்தான் இருந்தாள். பிள்ளை நன்றாக வாசிக்கிறதென்றே அதுவரை எண்ணியிருந்தாள்.

இது எங்கோ ஒரு வீட்டுக் கதையன்று. ‘பிரதம்’ என்னும் அமைப்பின் ஏற்பாட்டில் 2005 முதல் நடந்துவரும் ‘அசர்’ கணக்கெடுப்பில் கிராமத்துப் பிள்ளைகளை வீட்டிலேயே சந்தித்து, ஒவ்வொருவரையும் தனியே அமர்த்தி, ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுகிறார்கள். எழுத்து, சொல், சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை — இவ்வளவே அந்தத் தாள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நூறு பேரில் 2018இல் அந்தக் கதையை வாசித்தவர் 40 பேருக்குச் சற்று மேல். 2022இல் 25 பேர் அளவுதான். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடங்கள் சிறு வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்தப் பேரிழப்பு இதில் தெரிகிறது. 2024இல் நிலை ஓரளவு சீர்பட்டது. ஆயினும் கொரோனாவுக்கு முன்பேகூட பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் வாசிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளைகள் மட்டும் இதற்கு விலக்கு என்று சொல்ல நமக்கு என்ன ஆதாரம் உண்டு?

‘ஹஜ்ரத்! குர்ஆன் ஓதுவதைப் பற்றிப் பேசுங்கள். தமிழ்ப் புத்தகம் வாசிப்பதற்கும் தீனுக்கும் என்ன?’ என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். விடை பத்ரில் இருக்கிறது.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு, கி.பி. 624. பத்ரில் பிடிபட்ட மக்கத்துக் கைதிகள் மீட்புப் பணம் கொடுத்து விடுதலை பெற்றார்கள். பணமில்லாதவர்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் வைத்த நிபந்தனை, மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒவ்வொருவரும் எழுத்துக் கற்பிக்கவேண்டும் என்பது. கற்பித்தவர்கள் யார்? முஷ்ரிக்குகள்; அன்றுவரை வாளேந்தி எதிர்த்து நின்றவர்கள். அவர்களிடம் நம் பிள்ளைகள் கற்றது தொழுகையா, நோன்பா? வெறும் எழுத்துத்தான்! அந்த எழுத்துக்கு ஒரு மனிதனின் விடுதலையையே விலையாக வைத்தார்கள் எம்பெருமானார் அவர்கள். இப்னு ஸஅது அவர்களின் வரலாற்று நூலில் இன்னொரு நுட்பமும் உண்டு. பிள்ளைகள் தேர்ச்சி பெற்றால்தான் மீட்புப் பணம் தீர்ந்ததாகக் கணக்கு. எத்தனை மாதம் பாடம் நடத்தினாய், எத்தனை நாள் வந்தாய் என்ற கணக்கு அங்கே இல்லை. பிள்ளைக்கு வந்ததா, இல்லையா? அதுதான் கேள்வி. நம் காலத்து வருகைப் பதிவேடுகளையும் டியூஷன் கட்டணங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்!

அந்தக் கைதிகளிடம் எழுத்துக் கற்றவர்களில் ஜைது இப்னு தாபித் (ரலி) அவர்களும் ஒருவர் என்று சொல்லப்படுகிறது. பின்னாளில் குர்ஆனைத் தொகுத்தெழுதும் பெரும்பணி அவர்களிடமே வந்தது. யூதர்களின் எழுத்தையும் கற்றுக்கொள்ளும்படி நாயகம் அவர்கள் ஏவ, அரை மாதத்திற்குள் அதையும் கற்றுக்கொண்டார்கள். பெண்மக்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உம்முல் முஃமினீன் ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர்கள் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்னும் பெண்மணி. அது நாயகத்திற்குத் தெரியும். அதைப் பாராட்டும் தொனியிலேயே அவர்கள் பேசினார்கள் என்று அபூதாவூதில் வருகிறது.

ஆகவே நம் பிள்ளை எந்த மொழியில் உலகத்தைப் படிக்கவேண்டியிருக்கிறதோ, அந்த மொழியில் அதை வாசிக்க வைப்பது பெற்றோர் மீதும் ஜமாஅத் மீதும் உள்ள அமானிதம். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குக் கணக்கும் வராது, அறிவியலும் வராது. மார்க்க நூலும் கைக்கு எட்டாது. ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று பள்ளிக்கூடம் கசந்து, வேலைக்குப் போகிறேன் என்று நிற்கும் பையன்களை விசாரித்துப் பாருங்கள். பலருக்கு அந்தக் கசப்பு இரண்டாம் வகுப்பிலேயே தொடங்கியிருக்கும்.

சரி, என்ன செய்வது? நாள்தோறும் கால் மணி நேரம். ஒரு பெரியவர், ஒரு பிள்ளை, ஒரு புத்தகம். இவ்வளவே. இதற்கு பி.எட். பட்டம் வேண்டாம். பொறுமை வேண்டும்.

முதலில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எழுத்தா, சொல்லா, வரியா, கதையா? ஐந்தாம் வகுப்புப் பிள்ளையானாலும் சொல்லில் தடுமாறினால் சொல்லிலிருந்தே தொடங்கவேண்டும். ஓதுகிற பள்ளியில் அப்படித்தானே செய்கிறோம்! கையில் கொடுக்கும் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் ஐந்தாறு சொற்களுக்கு மேல் தட்டினால் அது அந்தப் பிள்ளைக்குக் கடினம்; எளியதை எடுங்கள். தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை 2023இல் வாசிப்பு இயக்கத்திற்காக நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறுசிறு கதை நூல்களை வெளியிட்டது. அவை உங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

தமிழ் எழுத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்குகிறார்கள் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ‘கொ’ என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு. வாயில் முதலில் வருவது ககரம். அரபியிலே ஸபரும் ஸேரும் எழுத்தின் மேலும் கீழும் நிற்கும்; இங்கேயோ அடையாளம் எழுத்துக்கு முன்னாலும் பின்னாலும் நின்று பிள்ளையைக் குழப்புகிறது. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, காலோடு கூடிய கொம்பு ஆகிய மூன்றையும் பிரித்துக் காட்டிவிட்டாலே பாதிப் பிள்ளைகள் நிமிர்ந்துவிடும். பாட்டனார் பாடம் சொல்வதாயிருந்தால் இன்னொரு சிறு தொல்லை உண்டு. ‘லை’, ‘னா’ போன்ற சில எழுத்துகளின் வடிவம் 1978இல் மாறிற்று. அவர் பழைய வடிவில் எழுதிக் காட்டினால் பேரன் விழிப்பான். அச்சிட்ட புத்தகத்தையே காட்டுவது நலம்.

தடுக்கியவுடனே பாய்ந்து சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். பிள்ளை தானே கூட்டிச் சொல்லிவிட்டால் அந்த ஒரு சொல்லில் அதற்குக் கிடைக்கும் தெம்பை நீங்கள் காசு கொடுத்து வாங்க முடியாது. வரவில்லையா? சொல்லிக் கொடுத்துவிட்டு மேலே போங்கள். முடித்த பக்கத்தை மறுநாளும் வாசிக்கச் சொல்லுங்கள். நேற்றுக் கரடுமுரடாயிருந்தது இன்று வழுக்கிக்கொண்டு போகும்.

திக்கித் திக்கி வாசிப்பதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள். காக்கா சிரிப்பான், லாத்தா நையாண்டி செய்வாள், சில வேளை வாப்பாவே வெளிநாட்டிலிருந்து போனில் கேட்டுவிட்டு, ‘இன்னுமா எழுத்துக் கூட்டுறே?’ என்பார். அவர்களுக்கெல்லாம் புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் அந்த ஹதீதை எடுத்துச் சொல்லுங்கள். குர்ஆனைத் திறம்பட ஓதுபவர் கண்ணியமிக்க வானவர்களோடு இருப்பார் என்ற நாயகம் அவர்கள், சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்றும் சொன்னார்கள். நன்றாக ஓதுபவருக்கு உயர்ந்த பதவி. தடுமாறி ஓதுபவருக்கு இரட்டைக் கூலி! அது குர்ஆனுக்கு உரியது என்பதை மறக்கவில்லை. ஆனால் தடுமாறுகிறவனை எந்தக் கண்ணால் பார்க்கவேண்டும் என்பதை அதில் நாம் கற்றுக்கொள்ளக் கூடாதா?

பிரம்பைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். சில உஸ்தாதுமார்கள் வருந்தினாலும் பரவாயில்லை. முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்கள் தொழுகையின் நடுவே அறியாமல் பேசிவிட்டார்கள். சுற்றியிருந்தவர்கள் தொடையில் தட்டி அடக்கினார்கள். தொழுகை முடிந்ததும் நாயகம் (ஸல்) அவர்கள் முகம் சுளிக்கவுமில்லை, அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை, எடுத்துச் சொன்னார்கள். அவரைவிடச் சிறந்த ஆசிரியரை நான் முன்னும் பின்னும் கண்டதில்லை என்ற கருத்தில் அந்த சஹாபி சாட்சி சொல்வது முஸ்லிம் ஷரீஃபில் பதிவாகியிருக்கிறது. பிரம்புக்குப் பயந்து ஓதுகிற பள்ளியை விட்டு ஓடி, அத்தோடு ஓதலையே விட்ட பிள்ளைகள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. பயத்தில் நடுங்கும் பிள்ளையின் கண்ணுக்கு எழுத்துத் தெரியாது.

ஓதலுக்கும் தமிழ் வாசிப்புக்கும் ஒரு வேற்றுமையும் இருக்கிறது. திருமறையை ஓதும்போது மக்ரஜ் பிசகினால் உடனே நிறுத்தித் திருத்துகிறோம், அது கடமை. பொருள் தெரியாமல் ஓதினாலும் நன்மை உண்டு. அதே பழக்கத்தில் நம் பிள்ளைகள் சிலர் தமிழையும் இராகம் போட்டு வாசித்துவிட்டு, என்ன படித்தாய் என்று கேட்டால் விழிக்கிறார்கள். கதைப் புத்தகத்தில் ஒவ்வோர் எழுத்துப் பிழைக்கும் நிறுத்தினால் கதை செத்துப்போகும். அங்கே நிறுத்தவேண்டிய இடம் வேறு. ‘அந்த நரி ஏன் அப்படிச் செய்தது? அடுத்து என்ன நடக்கும்?’ என்று கேளுங்கள். பிள்ளை பதில் சொன்னால் அது வாசித்துவிட்டது.

தாய்மார்களே! ‘எனக்கே வாசிக்கத் தெரியாதே, நான் எப்படிக் கேட்பது?’ என்று எண்ணாதீர்கள். பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டே கேட்கலாம். கை இலையைச் சுருட்டட்டும். காது பிள்ளையிடம் இருக்கட்டும். கதை புரிகிறதா என்பது உங்களுக்குத் தெரியாதா? பிள்ளை முணுமுணுத்து விழுங்குவதும் தெரியத்தானே செய்கிறது! நம் பெத்தும்மாமார்களில் பலர் தமிழ் எழுத்து அறியாமலே அரபுத்தமிழில் சரளமாக வாசித்தவர்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் (1816–1898) ‘மகானீ’ போன்ற கிதாபுகளை வீட்டுத் திண்ணையில் ஒரு மூதாட்டி வாசிக்க, சுற்றியிருந்த பெண்கள் மார்க்கம் கற்றார்கள். அவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? ஓதிக்கொடுக்கும் அம்மா ஒருவர், ஒவ்வொரு பெண்பிள்ளையாக அருகில் அழைத்துத்தான்.

பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதும் நம் மண்ணின் பழைய வழி. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக நடந்த விடுதிப் பள்ளியை 1789 முதல் பொறுப்பேற்று நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். தம் பள்ளியில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே அரிச்சுவடி வகுப்புக்குப் பொறுப்பாக்கினார். பிள்ளைகளைக் கற்பிப்பவனும் கற்பவனுமாக இரண்டிரண்டு பேராய்ச் சேர்த்து அமர்த்தினார். 1797இல் அவர் எழுதிய சிறு நூலுக்குப் பின் ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடே அது இங்கிலாந்தில் பரவிற்று. நம் வாசலில் இருந்ததைக் கடல் கடந்து கொண்டுபோனார்கள். நாம் வாசலிலேயே விட்டுவிட்டோம்.

அண்மையில் தமிழ்நாட்டில் நடந்ததும் இதற்குச் சான்று. 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் ஊரிலுள்ள தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையில் ஏறத்தாழ இருபது பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவில் பாடம் சொன்னார்கள். கிராமத்துப் பிள்ளைகள் சுமார் 19,000 பேரைச் சோதித்த ஆய்வாளர்கள், பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாயிற்று என்றும், அந்த ஈட்டில் ஏறத்தாழக் கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் கண்டார்கள். இருபது பேருக்கு ஒருவர் அமர்ந்தே இவ்வளவு நடந்தால், ஒருவருக்கு ஒருவர் அமர்ந்தால்?

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் ஏற்பாடு செய்யப் புறப்பட்டுக் கூட்டம் போட்டுக் கலைந்துவிடாதீர்கள். ஒரு பிள்ளையோடு தொடங்குங்கள். குறைஷித் தலைவர்களோடு நாயகம் அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, கண்ணிழந்த இப்னு உம்மு மக்தூம் (ரலி) அவர்கள் கற்றுக்கொள்ளும் ஆவலோடு வந்தார்கள். நாடி வந்த அந்த ஒருவருக்காகவே ‘அபஸ’ என்னும் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின. ஒருவர் என்பது அல்லாஹ்விடத்தில் சிறிய எண்ணிக்கையன்று.

மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே பள்ளிவாசல் தாழ்வாரத்தில் பெரியவர்கள் சும்மா அமர்ந்திருக்கிறார்கள். ஓய்வுபெற்றவர்கள், வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பிள்ளை. பெண்பிள்ளைகளுக்கு வீடுகளில், படித்த பெண்கள் ஏற்றுக்கொள்ளட்டும். தனியே பாடம் கேட்பது என்றால் கதவடைத்த அறையில் என்று பொருளன்று. நாலு பேர் பார்வை படும் தாழ்வாரத்திலோ முற்றத்திலோ அமர்வதே பிள்ளைக்கும் பாதுகாப்பு, பெரியவருக்கும் கண்ணியம். கட்டணம் வேண்டாம். எத்தனை நாள் என்று கேட்டால், பத்ருக் கைதிகளுக்கு வைத்த கணக்குத்தான்.

ரமளானில் மட்டும் நேரத்தை அஸருக்குப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். அது பிள்ளைகள் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குச் சட்டியோடு பள்ளிக்கு வருகிற வேளை; கஞ்சி இறக்கும்வரை நிற்கிற நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பக்கம் வாசித்துக் காட்டிவிட்டுப் போகட்டும்.